கள்ளும் பியரும் சுவைக்க விருந்தினரை அழைத்துச் செல்லும் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ மட்டக்களப்புக்கு வரும் நண்பர்கள், தங்கள் ஊரில் சிறு பியர்த் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுவைத்த பழக்கத்தில், இங்கும் அப்படியொரு நாளைக் கேட்பதுண்டு. அதற்கு உடனே சம்மதித்துவிடுவதுதான் முதல் தவறு. மட்டக்களப்பில் பியர்த் தொழிற்சாலை கிடையாது. 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய லயன் பியரின் உற்பத்தி இப்போது கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவில் நடைபெறுகிறது. அங்கு போக விரும்புவோர் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்த பின்னரே பயணத்தைத் திட்டமிட வேண்டும். ஆகவே எங்கள் ஊரில் அந்த நாளை, காலையில் கள்ளுத் தவறணை, மாலையில் பாசிக்குடாக் கடற்கரையில் பியர் என்று அமைத்துக்கொள்வதே நேர்மையானது. நாட்காட்டியையும் பார்த்துவிடுங்கள். போயா எனப்படும் பௌர்ணமி தினத்தில் நாடெங்கும் மதுபான விற்பனைக்குத் தடை உண்டு. 21 வயது நிரம்பாதவர்களுக்கு எந்நாளிலும் விற்கக் கூடாது.

கள்ளைப் பொறுத்தவரை, பெரும்பாலானோர் நேரத்தில்தான் பிழை விடுகிறார்கள். பாளையிலிருந்து முட்டியில் சொட்டத் தொடங்கிய கணத்திலேயே, காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்கள் (யீஸ்ற்) சீனியை மதுசாரமாக்கத் தொடங்கிவிடுகின்றன. எனவே காலையில் இறக்கிய கள் இனிப்பும் மெல்லிய நுரையுமாக இருக்கும். பின்னேரம் அதே கள் புளித்துக் கடுமையாகி, மறுநாள் வினாகிரியை நோக்கிப் போய்விடும். வெயில் தாழட்டும் என்று காத்திருந்து, புளித்த கள்ளை விருந்தினருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, 'இதுதான் எங்கள் கள்' என்பது அந்தப் பானத்துக்குச் செய்யும் அநியாயம்.

பியரில் நடக்கும் தவறுகள் வேறு வகையானவை. எங்கள் வெக்கையில் எல்லாவற்றையும் பனிக்கட்டியளவு குளிராக்கிக் குடிக்கத் தோன்றும். இலேசான பொன்னிற பியரான லாகருக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் கறுப்பு பியரான ஸ்டவுட்டை அப்படிக் குடித்தால், வறுத்த மோல்ற் (முளைவிட்ட பார்லி) தரும் கோப்பி, கருஞ்சொக்லேற் மணங்கள் நாக்குக்கு எட்டாமலே போகும். ஸ்டவுட்டைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, கால் மணி நேரம் நிழலில் வைத்த பிறகு ஊற்றுங்கள். நிழல் என்று சொல்வதற்குக் காரணமுண்டு: வெயில் பட்டால், பியரில் சேர்க்கும் ஹொப்ஸ் பூக்களின் கசப்புப் பொருள்கள் சிதைந்து, சில நிமிடங்களிலேயே அருவருப்பான மணமொன்று உண்டாகிவிடும். கபில நிறப் போத்தல் ஓரளவு தாங்கும். பச்சைப் போத்தலை பாசிக்குடா மணலில் திறந்த வெளியில் வைப்பது வீண் செலவு.

வரிசையையும் மாற்றக் கூடாது. மென்மையான லாகரை முதலிலும் ஸ்டவுட்டைக் கடைசியிலும் சுவைக்க வேண்டும். இடையில் தண்ணீரும் கிறீம் கிறாக்கரும் போதும். நண்டுக்கறியை முதலில் பரிமாறும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானதுதான், எனினும் மிளகாயின் எரிவை மதுசாரம் கூட்டுவதால், அதன் பிறகு எந்த பியரும் ஒன்றுபோலவே தோன்றும். பியர் சுவைத்தல் முடிந்த பிறகு கறி வரட்டும்.

எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால், 'பியர்தானே' என்ற சொல்லே பெரிய பொறி. 4.8 வீத லாகரின் 625 மில்லிலீற்றர் போத்தலில் 30 மில்லிலீற்றர் மதுசாரம் இருக்க, 8.8 வீத ஸ்டவுட்டின் அதே அளவுப் போத்தலில் 55 மில்லிலீற்றர், அதாவது ஏறக்குறைய 43 கிராம் இருக்கிறது. சராசரியாக ஒருவரின் ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரையே எரிக்கும் என்பதால், அந்த ஒரு போத்தல் கழிய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். தேநீரோ கடல் குளிப்போ அதை விரைவுபடுத்தாது. குடித்துவிட்டுக் கடலில் இறங்குவது தனி ஆபத்து. ஆளுக்கொரு போத்தல் திறக்காமல், ஒன்றை நால்வர் சிறு கிளாஸ்களில் பகிர்ந்தால் சுவைக்கவும் முடியும், நிதானமும் தவறாது. வான் சாரதியாக, குடிக்காத ஒருவரை முதல்நாளே ஒழுங்கு செய்துவிட வேண்டும். 'நான் கொஞ்சம்தான் எடுத்தேன்' என்பவரை அல்ல. பாசிக்குடா வீதி, முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏறாவூரூடாகவே செல்வதால், போத்தலைக் கையில் பிடித்தபடி வானில் போவது மரியாதையும் அல்ல.

இன்னொன்று: மிஞ்சிய கள்ளைப் பிளாஸ்ரிக் போத்தலில் அடைத்து, மூடியை இறுக்கி, வெயிலில் நிற்கும் வானில் விட்டுவிடாதீர்கள். நொதித்தல் நிற்பதில்லை, வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். என் நண்பரொருவரின் துணிப்பை பல நாள் புளித்த வாடையோடு இருந்தது இப்படித்தான்.