செலவைக் குறைத்தும் கையில் பணம் நிற்காதது ஏன்? பண்டிகைக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டிகைக் காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே பல வீடுகளில் சிக்கனம் தொடங்கிவிடும். வெளியே சாப்பிடுவது நிற்கும், டாக்ஸிக்குப் பதில் பேருந்து, வார இறுதி சினிமா இப்போதைக்கு வேண்டாம். இவ்வளவும் செய்துவிட்டுப் பண்டிகை நெருங்கும்போது வங்கிக் கணக்கைத் திறந்தால் இருப்பு பெரிதாக ஏறியிருக்காது. எல்லாவற்றையும்தான் குறைத்தோமே, பணம் எங்கே போயிற்று என்று வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். குறைத்தது உண்மைதான். ஆனால் மிஞ்சிய பணத்தை யாரும் எடுத்துத் தனியே வைக்கவில்லை. பண்டிகைச் சேமிப்பில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பது என் கருத்து.

செலவைக் குறைப்பது ஒரு வேலை, சேமிப்பது இன்னொரு வேலை. டாக்ஸியில் போகாமல் பேருந்தில் போனதால் மிஞ்சிய தொகை, தினசரிச் செலவுக்கான அதே கணக்கில்தான் கிடக்கிறது. இரண்டு நாள் கழித்து ஏதோ ஒரு பொருளைப் பார்க்கும்போது, இருப்புதான் இருக்கிறதே என்று தோன்றும். அதோடு, இந்த வாரம் முழுக்க சிக்கனமாக இருந்தோம், இது ஒன்று வாங்கினால் என்ன என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். கஷ்டப்பட்டு மிச்சம் பிடித்தது, கணக்கில் அடையாளமே இல்லாமல் வேறு வழியில் போய்விடும்.

பணம் எல்லாம் ஒன்றுதான் என்றாலும் மனிதர்கள் அதை மனதுக்குள் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980களில் எழுதினார். 2017-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. இது மனிதர்களின் பலவீனம்தான், ஆனால் நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். 'பண்டிகை' என்று பெயர் வைத்த தனிக் கணக்கில் இருக்கும் பணத்தைத் தொட மனம் யோசிக்கும். வெறும் 'இருப்பு' என்று கிடப்பதைத் தொட யோசிக்காது.

ஆகவே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வையுங்கள். அதற்கு டெபிட் கார்டு வேண்டாம், போனில் பணம் செலுத்தும் செயலிகளோடும் அதை இணைக்க வேண்டாம். சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானாக அங்கே போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. இதற்கு மேல், ஒரு செலவைத் தவிர்த்தால் அந்தத் தொகையை அப்போதே மாற்றிவிடுங்கள். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்து டாக்ஸிக்கு ஆகியிருக்கும் தொகையில் டிக்கெட் காசைக் கழித்து, மீதியை அந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். அரை நிமிட வேலை. இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

எவ்வளவு வேண்டும் என்று தெரியாமலே தொடங்குவது

'இந்த முறை முடிந்த அளவு மிச்சம் பிடிப்போம்' என்பது இலக்கு ஆகாது. கேட்டால் பலரும் துணிமணி, பரிசு, பயணம் என்று மூன்றைச் சொல்லி, மனதுக்குத் தோன்றும் ஒரு தொகையைப் போடுவார்கள். உண்மையான தொகை அதைத் தாண்டித்தான் போகும். மனிதர்கள் ஒரு காரியத்துக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், சென்ற முறை எவ்வளவு ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எடுத்துக்காட்டினார்கள். செலவுக் கணக்கும் அப்படித்தான் பிசகுகிறது.

சென்ற ஆண்டு பண்டிகை மாதத்தின் வங்கி அறிக்கையையும் கார்டு அறிக்கையையும் எடுங்கள். அதற்கு அடுத்த மாதத்தையும் சேர்த்தே எடுங்கள், ஏனென்றால் கார்டில் வாங்கியதன் பில் பெரும்பாலும் பிறகுதான் வரும். பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போனால், நினைவில் இல்லாத செலவுகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். விருந்தாளிகள் வந்ததால் இரட்டிப்பான மளிகை, பரிசு சுற்றும் காகிதமும் பையும், கடைசி நேரத்தில் வாங்கியதால் கட்டிய அவசர டெலிவரிக் கட்டணம், ஊர் சுற்றியதில் கூடிய எரிபொருள், அலுவலகத்தில் பொதுவாகப் பிரித்த தொகை, எதிர்பாராமல் பரிசு கொடுத்தவருக்குப் பதிலுக்கு வாங்கியது. இவற்றைக் கூட்டி வருவதுதான் உங்கள் உண்மையான இலக்கு. விலைவாசி ஏறியிருப்பதற்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மீதமுள்ள வாரங்களால் வகுங்கள். மொத்தம் 12,000 என்று வந்து, கையில் 12 வாரம் இருந்தால் வாரம் 1,000 போதும். 4 வாரம்தான் இருக்கிறதென்றால் வாரம் 3,000 வேண்டும். அது உங்கள் வருமானத்தில் நடக்காத காரியம் என்றால் அன்றாடச் செலவை எவ்வளவு நசுக்கினாலும் பயனில்லை, பண்டிகைச் செலவையே சுருக்க வேண்டும். இதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கண்ணில் படும் சின்னச் செலவை மட்டும் விரட்டுவது

சிக்கனம் என்றதும் கை போவது தினமும் கண்ணில் படும் சின்னச் சின்னச் செலவுகளுக்குத்தான். மாதாமாதம் தானாகவே கழியும் தொகைகள் கண்ணில் படுவதில்லை. பார்க்காத வீடியோ தளத்தின் சந்தா, படங்கள் சேமிக்க எடுத்த கூடுதல் இடம், போகாத உடற்பயிற்சிக் கூடம், தேவைக்கு மேல் டேட்டா தரும் போன் திட்டம் என்று ஒரு பட்டியலே இருக்கும். காலை வேளையில் குடிக்கும் ஒரு கப் காபியைத் துறப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய தியாகம். சந்தாவை ஒருமுறை ரத்து செய்தால் அது மாதாமாதம் தானாகவே மிச்சம் தரும். முதலில் இரண்டாவதைச் செய்யுங்கள்.

இதில் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. போனிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடாது. ஆப் ஸ்டோரானாலும் கூகுள் பிளே ஆனாலும் கணக்கின் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் பணம் கழிவது நிற்கும். இலவசம் என்று தொடங்கிய சந்தா எந்தத் தேதியில் கட்டணத்துக்கு மாறுகிறது என்று அங்கேயே தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை கழிபவை இன்னும் மோசம், ஏனென்றால் மூன்று மாத அறிக்கையைப் பார்த்தால் அவை அகப்படாது. பண்டிகை மாதத்தில் ஏதாவது புதுப்பிப்பு விழுகிறதா என்று இப்போதே பாருங்கள்.

மின் கட்டணத்திலும் இதே கதைதான். போனைக் கழற்றிய பிறகும் சுவரில் செருகியே இருக்கும் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி வீட்டில் சத்தம் போடுவார்கள். இன்றைய சார்ஜர் ஒன்று சும்மா இருக்கும்போது இழுப்பது பெரும்பாலும் கால் வாட்டுக்கும் குறைவு. கால் வாட் என்றே வைத்துக்கொண்டாலும் நாள் முழுக்க 6 வாட்-மணிதான். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் பத்து நிமிடம் ஓடினால் ஏறத்தாழ 333 வாட்-மணி, அதாவது அந்தச் சார்ஜரின் ஐம்பது நாள் செலவுக்கும் மேல். சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் மின்சாரத்தை விழுங்கும். குளியலை ஐந்து நிமிடம் சுருக்குவதும், துணியைச் சூடில்லாத தண்ணீரில் துவைப்பதும், ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றி வைப்பதும் பில்லில் தெரியும்.

தள்ளுபடியில் வாங்கியதை மிச்சம் என்று எண்ணுவது

பண்டிகைக்கு முன்பே தள்ளுபடி விளம்பரங்கள் வந்து குவியும். 40 சதவீதத் தள்ளுபடியில் வாங்கினால் 40 சதவீதம் மிச்சம் என்று கணக்கு வருகிறது. உங்கள் பட்டியலில் இல்லாத பொருள் என்றால் அது 60 சதவீதச் செலவு, அவ்வளவுதான். டெலிவரி இலவசமாக வேண்டும் என்பதற்காகக் கூடையில் இன்னொரு பொருளைச் சேர்ப்பதும் இப்படித்தான். பெரும்பாலும் சேர்த்த பொருளின் விலை டெலிவரிக் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பவும் வேண்டாம். கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சில நேரம் சின்ன பாக்கெட்டே மலிவாக இருக்கும்.

மொத்தமாக வாங்கி வீணாக்குவது இதன் இன்னொரு முகம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில். கடையையோ உணவகத்தையோ குறை சொல்லித் தப்பிக்க முடியாத கணக்கு இது. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னால் அலமாரியையும் ஃப்ரிட்ஜையும் முழுக்க வெளியே எடுத்து வைத்து, தேதி நெருங்குவதை முன்வரிசையில் அடுக்குங்கள். அடுத்த இரண்டு வாரம் அதை வைத்தே சமையலைத் திட்டமிடுங்கள். மளிகைப் பில் இறங்கும், பண்டிகைக்கு வாங்குவதை வைக்க இடமும் கிடைக்கும்.

கடனை ஓடவிட்டுச் சேமிப்பது

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு, மீதியைப் பண்டிகைக்கென்று சேமிப்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறார்கள், கணக்குதான் அவர்களுக்கு எதிராக நிற்கிறது. கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்றால், கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். எந்தச் சேமிப்புக் கணக்கும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொன்றும் உண்டு. பாக்கி வைத்தால் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையே போய்விடும். அப்புறம் புதிதாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டுப் பாக்கி இருந்தால் மிச்சம் பிடிக்கும் பணம் முதலில் அங்கே போகட்டும், பண்டிகை கொஞ்சம் எளிமையாக நடக்கட்டும்.

இந்த மாதங்களில் அன்றாடச் செலவுக்குக் கார்டையே எடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது. ட்ரேசன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட சோதனையில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்குக் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் தர வேண்டியவர்களைவிட மிக அதிகமாக ஏலம் கேட்டார்கள். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் தயக்கம் கார்டில் வருவதில்லை. வட்டியில்லாத் தவணை என்று விற்பதிலும் செயலாக்கக் கட்டணம் இருக்கிறதா, மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி கைவிட்டுப் போகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

சேமிக்கும் பணத்தை எங்கே வைக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. மாதாமாதம் கட்டினால் பண்டிகைக்குப் பொருளாகவோ பரிசுக் கூப்பனாகவோ தருகிறோம் என்று சில நிறுவனங்கள் முன்பணம் வாங்கும். 2006 அக்டோபரில் பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் பண்டிகைக்கு இரண்டே மாதம் இருக்கும்போது திவாலானது. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கட்டிய, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்த ஆண்டு வெறுங்கையோடு நின்றன. அவர்கள் கட்டியதற்கு வங்கி வைப்புகளுக்கு இருப்பது போன்ற பாதுகாப்பு இல்லை. வட்டி குறைவாக இருந்தாலும் வைப்புக் காப்பீடு உள்ள வங்கியே போதும்.

வெட்டக் கூடாததை வெட்டுவது

மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது, வண்டி சர்வீசைத் தள்ளிப்போடுவது, காப்பீட்டுத் தவணையை விட்டுவிடுவது. இவையெல்லாம் செலவைக் குறைப்பதில்லை, பெரிதாக்கித் தள்ளி வைக்கின்றன. இதில் பேச்சே வேண்டாம்.

ஒருவர் மட்டும் முடிவெடுத்து வீடு முழுவதற்கும் சட்டம் போடுவதும் நீடிக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டாவது வாரமே ஆசை பொங்கி, விட்டதற்கெல்லாம் சேர்த்துச் செலவழிப்பார்கள். வீட்டில் ஒவ்வொருவரும் தனக்கு விட முடியாத ஒன்றைச் சொல்லட்டும். அதை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றில் குறையுங்கள். குழந்தைகளிடமும் காரணத்தைச் சொல்லுங்கள், அவர்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

பரிசு கொடுத்து வாங்கும் உறவினர், நண்பர்களிடமும் இப்போதே பேசிவிடுங்கள். இந்த முறை குழந்தைகளுக்கு மட்டும் வாங்கலாம், அல்லது சீட்டுக் குலுக்கி ஒருவருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் பெரும்பாலானோர் நிம்மதியாகவே ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் கடைக்குப் போவதற்கு முன்பே சொல்ல வேண்டும். வாங்கி முடித்த பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், பதிலுக்கு வாங்க வேண்டிய கட்டாயத்தில் உங்களுக்கும் சங்கடம்.