தும்பு கொம்போசிட் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள், முதலில் ஈரம்

திருகோணமலையில் பைபர் வள்ளம் செய்கிற, பழுது பார்க்கிற இடங்களுக்குக் குறைவில்லை. அதனால் இறுதியாண்டு ஆய்வுக்குத் தென்னந்தும்பு, பனந்தும்பு வைத்துக் கொம்போசிட் பலகை, அதாவது நாரை றெசின் என்கிற இறுகும் பிசினில் பதித்த பலகை, செய்ய நினைக்கிற பிள்ளைகள் றெசின் எங்கே வாங்குவது, எப்படிக் கலப்பது என்று கேட்டு எங்களைத் தேடி வருகிறார்கள். நல்ல ஆசைதான். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கொம்போசிட். ஐரோப்பியக் கார்க் கதவுகளின் உட்பலகையில் 1990களிலிருந்தே சணல், ஆளி போன்ற செடி நார்கள் போகின்றன. பனையும் தென்னையும் இவ்வளவு நிற்கிற ஊரில் இதைச் செய்யாமல் வேறு எங்கே செய்வது? ஆனால் வருகிறவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் விட்ட அதே பிழைகளை அதே வரிசையில் விடுகிறார்கள். கையுறை போடு, அச்சுக்கு மெழுகு பூசு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தும்பு காய்ந்துவிட்டது என்று நம்புவது

இது ஒன்றுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருகிறது, ஏனென்றால் ஆறு மாத உழைப்பை அப்படியே விழுங்குகிற பிழை இது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

ஒரு தங்கச்சி இரண்டு பலகைகளோடு வந்தார். ஒன்று வெறும் தும்பு, மற்றது கோஸ்டிக் சோடாவில் கழுவிய தும்பு. இழுவைச் சோதனைக்கு வெளியூர் அனுப்பி, காசு கட்டி, முடிவும் வந்துவிட்டது. கழுவிய தும்புப் பலகை நன்றாகவே வலுவாக இருந்தது. கட்டுரையும் பாதி எழுதியாகிவிட்டது. நான் வெறும் தும்புப் பலகையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நாருக்கு நார் பக்கத்தில் கடுகு தூவியது போலக் குமிழிகள். சோதனையில் முறிந்த விளிம்பைப் பார்த்தால், தும்பு றெசினைவிட்டு வழுவழுவென்று உருவி வந்திருந்தது, நாரில் ஒரு பொட்டு றெசின் ஒட்டியிருக்கவில்லை.

"தும்பை எப்படிக் காய வச்சனீங்கள்?"

"வெயிலிலதான் அண்ணா, நல்லாக் காய்ஞ்சது."

"எந்த மாசம்?"

வெறும் தும்பு மார்கழியில், வாடையும் மழையும் அடிக்கிற நாட்களில் இடையிடையே வந்த வெயிலில். கழுவிய தும்பு ஆனியில், கச்சான் காற்று வீசும்போது. இனி அந்த முடிவை வைத்து என்ன சொல்வது? கோஸ்டிக் சோடா வேலை செய்ததா, கச்சான் வேலை செய்ததா என்று அந்தப் பலகைகளிடமிருந்து யாராலும் பிரித்தெடுக்க முடியாது. திரும்பச் செய்யத்தான் வேண்டும். அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

தும்பில் இருக்கிற செலுலோசுக்குத் தண்ணீர் என்றால் விருப்பம். கண்ணாடி நார் ஈரத்தை உள்ளே இழுப்பதில்லை, தும்பு இழுக்கும். எங்கள் கடற்கரைக் காற்றில் சும்மா கிடக்கிற தும்பு, தன் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குக்குத் தண்ணீர் வைத்திருக்கும், தொட்டுப் பார்த்தால் மொறுமொறுவென்றுதான் இருக்கும். 100 கிராம் தும்பில் 10 கிராம் தண்ணீர் என்று வையுங்கள். பொலியெஸ்டர் றெசின் இறுகும்போது தானே சூடாகும், தடித்த பலகையில் அந்தச் சூடு 100 பாகையைத் தாண்டவும் கூடும். அந்த 10 கிராமும் ஆவியானால் கிட்டத்தட்ட 17 லீற்றர். அவ்வளவும் ஆவியாகாது, சரி, ஒரு சிறு பங்கு ஆவியானாலே குமிழிக்குப் போதும். சூடு அந்த அளவுக்கு ஏறாத மெல்லிய பலகையிலும் நாரின் மேல் இருக்கிற ஈரம் றெசினை ஒட்டவிடாது.

வெற்றிடப் பை வைத்து, அதாவது பலகையைப் பையால் மூடிக் காற்றைப் பம்பால் உறிஞ்சிச் செய்கிறவர்கள், அந்தப் பம்ப் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று நினைக்கிறார்கள். பைக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூற்றில் நான்கு பங்குக்கு இறங்கினால் தண்ணீர் 30 பாகையிலேயே கொதிக்கும், அதாவது நீங்கள் றெசின் ஏற்றுகிற நேரம் பார்த்துத் தும்புக்குள்ளிருந்து ஆவி கிளம்பும்.

வெயில் தும்பைக் காற்றின் ஈரத்தோடு சமப்படுத்துகிறது, அவ்வளவுதான். அவணில் 80 பாகையில் வையுங்கள், இடையிடையே எடுத்து நிறுங்கள். இரண்டு முறை அடுத்தடுத்து எடை மாறாமல் நின்றால்தான் காய்ந்தது. அப்புறம் முக்கியமானது: சூட்டோடு எடுத்து மேசையில் பரப்பிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். சிலிக்கா ஜெல்லோடு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அதற்குள்ளேயே ஆறவிடுங்கள், அச்சும் றெசினும் தயாரான பிறகு பையைத் திறவுங்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் காய்ந்த தும்பில் ஒரு பிடியைத் தராசின் மேலேயே வைத்துவிட்டு எண்ணைப் பாருங்கள், கண் முன்னாலேயே ஏறும். ஒப்பிடப்போகிற பலகைகள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஊற்றுங்கள். ஊற்றுகிற நாளின் வெப்பநிலை, ஈரப்பதன், தும்பின் எடை மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

கோபால்ட்டும் ஹார்ட்னரும்

றெசினை இறுக வைப்பது ஹார்ட்னர், அதை வேகப்படுத்துவது கோபால்ட். இரண்டையும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த றெசினா என்று கேட்டு வாங்குங்கள்.

கிராஃபீன்

போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் (கிராஃபைட்) உலகத்துக்கே தெரிந்தது, அதனால் எல்லோருக்கும் அதன் மிக மெல்லிய படலமான கிராஃபீனை றெசினில் போட ஆசை. எத்தனை சதவீதம் போடுவது என்றுதான் கேட்கிறார்கள். தூளைக் கொட்டிக் குச்சியால் கிளறினால் அது கட்டி கட்டியாக நிற்கும், ஒவ்வொரு கட்டியும் வெடிப்புத் தொடங்குகிற இடம். கட்டியை உடைத்துப் பரப்ப வழி இல்லாவிட்டால் போடாதீர்கள்.

புல்மோட்டை மணல்

அதில் இல்மனைட் என்கிற டைட்டேனியக் கனிமம் இருக்கிறது, டைட்டேனியம் எடுக்கலாமே என்று கேட்கிறார்கள். குளோரினோடு சேர்த்து டைட்டேனியம் டெட்ராகுளோரைட் ஆக்கி, ஆர்கன் வாயுவுக்குள் மக்னீசியத்தோடு சூடாக்க வேண்டும். கம்பஸ் ஆய்வுகூடத்தில் தொடாதீர்கள்.

வெட்டிய விளிம்பு

வள்ளத்துக்கு என்று சொல்லிப் பலகை செய்துவிட்டுக் காய்ந்த துண்டை மட்டும் சோதிப்பதில் பயனில்லை. வெட்டிய இடத்தில் நாரின் முனை திறந்திருக்கும், அதன் வழியே கடல்நீர் உள்ளே ஏறும். சில துண்டுகளின் விளிம்பை றெசினால் மூடி, சிலவற்றை மூடாமல், கடல்நீரில் போட்டு எடை ஏறாமல் நிற்கும்வரை வைத்துவிட்டு இழுத்துப் பாருங்கள்.

மோசமான துண்டை ஒதுக்குவது

இழுவைச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் டி3039 என்கிற தரமுறை ஒவ்வொரு நிலைமைக்கும் குறைந்தது 5 துண்டுகள் கேட்கிறது. ஐந்தில் ஒன்று மட்டும் சீக்கிரம் முறிந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு நாலுக்குச் சராசரி போடுகிறார்கள். இழுக்கிற இயந்திரத்தின் பிடியில் முறிந்ததா, குமிழியில் முறிந்ததா என்று முதலில் பாருங்கள். பிடியில் முறிந்திருந்தால் காரணத்தை எழுதிவிட்டு வேறு துண்டு இழுக்கலாம். குமிழியில் முறிந்திருந்தால் அதுவும் உங்கள் பலகைதான், கணக்கில் இருக்கட்டும்.