லெட்டர்பிரஸ் அட்டையா? மை நிரம்பிய பரப்பையும் மெல்லிய கோடுகளையும் பிரித்து அச்சிடுங்கள்

லெட்டர்பிரஸ் என்பது மேடாக நிற்கும் அச்சில் மை தடவித் தாளில் அழுத்தும் முறை. அதற்கான டிரெடில் (காலால் மிதித்து ஓட்டும்) இயந்திரத்தில் வாழ்த்து அட்டை அச்சிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஓவியத்தில் யானையின் உடல் போல முழுக்க மை நிரம்பிய பரப்பும், பக்கத்திலேயே புல் நுனி போன்ற மெல்லிய கோடுகளும் இருந்தால், இரண்டையும் ஒரே பிளாக்கில் (படம் மேடாக இருக்கும் அச்சுக் கட்டையில்) போடாதீர்கள். பரப்புக்கு மை நிறைய வேண்டும், அழுத்தமும் கூடுதலாக வேண்டும். அதே மை கோட்டுக்குப் போனால் கோடு தடித்துவிடும். மையைக் குறைத்தாலோ யானை திட்டுத் திட்டாக வெளுத்து நிற்கும். என் முதல் பொங்கல் அட்டைக்கு ஒரே பிளாக் செய்துவிட்டு, ஒரு நாள் முழுக்க மையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். சரிவரவே இல்லை.

முதலில் பரப்பை மட்டும் அச்சிடுங்கள். மை நன்றாக உலர்ந்த பிறகு கோடும் எழுத்தும். ஒரே நிறம்தான் என்றாலும் இரண்டு முறை ஓட்டுவது வீண் வேலை இல்லை. தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம்: ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகளில் மை கொஞ்சம் கூடினாலும் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது ஓட்டத்தில் அழுத்தம் குறைய, பேக்கிங் தாளில் (அட்டைக்குப் பின்னால் அடுக்கி வைக்கும் தாள்களில்) ஒன்றிரண்டை உருவிவிடுங்கள்.

அப்புறம், மடிப்பு. தாளின் நார் ஓடும் திசையிலேயே மடித்தால்தான் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை மடிப்பில் வெடிக்காது. அந்தத் திசையை அறிய, அட்டையில் ஒரு சிறு துண்டை வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள்; குழல் போலச் சுருளும். குழலின் நீளவாக்குதான் நார்த் திசை.