நூலையோ குழுவின் பெயரையோ பிறர் எடுத்துக்கொண்டால் செய்ய வேண்டியவை

கோயில் வாசலில் விற்கும் தலபுராணச் சிறுநூலானாலும், திருவிழா மேடையேறும் நாடகக் குழுவானாலும், தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரங்களில் உரிமைச் சச்சரவு எழும்போது முதலில் தெளிய வேண்டியது, பறிபோனது எழுத்தா, தலைப்பா, பெயரா என்பதே. எழுத்துக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பொருந்தும். தொழிலில் வழங்கும் பெயருக்கு 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம்.

கதைக்கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதை 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலும், வெறும் தலைப்புக்கும் அது கிடையாது என்பதை 2015இலும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே, “என் கதையைத் திருடிவிட்டார்கள்” என்று பொதுவாகச் சொல்லாமல், வசனம், காட்சி வரிசை, பாத்திர வார்ப்பு ஆகியவற்றில் எவை ஒத்திருக்கின்றன என்பதைப் உங்கள் எழுத்து ஒருபுறம், எதிராளியின் எழுத்து மறுபுறம் எனப் பக்க எண்களுடன் எழுதி வையுங்கள். அந்தத் தாளில் ஒன்றும் தேறாவிட்டால் வழக்கும் தேறாது.

தலபுராண நூல்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த எழுத்து அனைவருக்கும் பொதுவானது. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் பிறந்து 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களின் உரிமைக்காலம் 2002 இறுதியில் முடிந்துவிட்டது. ஆனால், பழைய செய்யுளுக்கு நீங்கள் எழுதிய உரைநடைச் சுருக்கமும் குறிப்புகளும் உங்களுடையவை. அவற்றை அப்படியே அச்சிடுவோரை நீங்கள் தடுக்கலாம்.

அடுத்து, பதிப்பகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பல சச்சரவுகளின் வேர் அதில்தான் இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும், வாய்ச்சொல் போதாது. கால அளவு குறிப்பிடப்படவில்லையென்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படவில்லையென்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். ராயல்டி கணக்கைக் கேட்கத் தயங்கிப் பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருக்கும் எழுத்தாளர்கள் நம் பகுதியில் குறைவல்ல. அந்தத் தயக்கத்தை மரியாதை என்று நான் எண்ணவில்லை.

பதிப்புரிமை எழுதியவுடனேயே பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. எனினும் பதிப்புரிமைப் பதிவேட்டில் உள்ள விவரம் நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாக, அதாவது மாறாக நிரூபிக்கப்படும்வரை உண்மையெனக் கொள்ளப்படும் சான்றாக, ஏற்கப்படும். கையெழுத்துப் பிரதி, பதிப்பகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல், அச்சக ரசீது, எதிராளியின் நூல் ஒரு படி, அதை வாங்கிய பில் ஆகியவற்றைத் திரட்டிய பின்னரே நோட்டீஸ் அனுப்புங்கள். ஆதாரமின்றி மிரட்டினால், மிரட்டப்பட்டவரே உங்கள்மீது வழக்குத் தொடரப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இடமளிக்கிறது.

வழக்குக்காக எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை; நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊருக்குரிய மாவட்ட அளவிலான நீதிமன்றத்திலேயே தொடுக்க 62ஆம் பிரிவு வழிசெய்கிறது. குறிப்பிட்ட தொகைக்குக் குறையாத வணிகத் தகராறுகளை விசாரிக்கும் வணிக நீதிமன்றத்துக்குரிய வழக்கென்றால், உடனடித் தடையாணை தேவைப்படாத நிலையில் முன்கூட்டிய சமரசப் பேச்சு கட்டாயம். தெரிந்தே மீறுவது குற்றமும்கூட: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆயினும் உள்ளூர்ப் பதிப்பகத்தின்மீது எடுத்த எடுப்பில் காவல் நிலையம் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி பெயர். வணிகக்குறிப் பதிவில் பொருள்களும் சேவைகளும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: குழுப் பெயரைப் பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பிலும், பதிப்பகப் பெயரைப் பொதுவாக அச்சிட்ட பொருள்களுக்கான 16ஆம் வகுப்பிலும் பதிவு செய்கிறார்கள். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பதிவு செய்யாத பெயருக்கும் நீண்டகாலப் பயன்பாட்டைக் காட்டிப் பாதுகாப்புக் கோரலாம் என்பதால், பழைய திருவிழா அழைப்பிதழ்களையும் சுவரொட்டிகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அண்ணன் தம்பிகளாக நடத்தும் குழுவில், பிரியும் நாளில் பெயர் யாருக்கு என்பதை ஒற்றுமையாக இருக்கும்போதே எழுதிக் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.