வன்னியில் இருந்துகொண்டு பழைய டிஸ்னிலாண்ட், வொண்டர்லாண்ட் சாமான் வாங்குவது எப்படி?

கேளிக்கைப் பூங்காக்களின் பழைய வரைபடம், நுழைவுச்சீட்டு, உடுப்பில் குத்தும் பின், கோப்பை எல்லாம் தேடிச் சேர்ப்பது பூங்காவுக்குப் பக்கத்தில் வசிக்கும் வசதிக்காரர் வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்தும் இதைச் செய்யலாம். எங்களுக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. பாரிஸ், ரொறன்ரோ, சூரிச், லண்டன் என்று எங்காவது ஒரு சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு, அது வசதி. பொருளின் விலையை அனுப்புகூலி தாண்டிவிடும், அது தொல்லை. ஆகவே தட்டையான, பாரமில்லாத சாமானைப் பார்த்து, தெரிந்தவர் கைவழியாக எடுப்பதுதான் இங்கிருந்து சரிவரும் வழி. கீழே உள்ள படிகள் எல்லாம் அதை வைத்தே எழுதியவை.

படி 1: ஒரு பூங்காவை மட்டும் பிடியுங்கள்

எது பிடிக்கும் என்பதைவிட, உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிரான்ஸ் என்றால் பாரிஸ் டிஸ்னிலாண்ட். கனடா என்றால் ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் உள்ள கனடாஸ் வொண்டர்லாண்ட். சுவிஸ் அல்லது தென் ஜேர்மனி என்றால், ரூஸ்ற் என்ற ஊரில் 1975இல் திறந்த யூரோப்பா பார்க். (அதன் சின்னமும் ஒரு எலிதான். மிக்கி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.)

எல்லாப் பூங்காவிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தால் காசு கரையும், அறிவு சேராது. ஒரே பூங்காவைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு படத்தைப் பார்த்தவுடனேயே எந்தக் காலத்துச் சாமான் என்று மட்டுக்கட்ட வந்துவிடும்.

வெளிநாட்டில் ஒருவரும் இல்லையா? வவுனியா, மன்னார்ப் பக்கம் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பிய குடும்பங்களிடம் கேட்டுப் பாருங்கள். சென்னை விஜிபி கேளிக்கைப் பூங்காவில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரோடு எடுத்த படம் யாரிடமாவது இருக்கும். இயக்கச்சி றீச்சாவுக்குப் போனால் நுழைவுச்சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். இன்று ஒருவரும் கவனிக்காத கடதாசிதான் பிறகு கிடைக்காமல் போகிறது.

படி 2: கடைக்கு முன்னர் சொந்தக்காரரின் லாச்சி

2009க்கு முந்திய சாமான் என்று வன்னி வீடுகளில் மிஞ்சியது கொஞ்சம். ஆனால் வெளியே போனவர்களின் வீடுகளில் முப்பது வருடக் குப்பை அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது போன பயணத்தின் வரைபடம், சவாரியில் எடுத்த படம், காதுத் தொப்பி எல்லாம் ஏதோ ஒரு பெட்டியில் கிடக்கும். வீடு மாறும்போது அவற்றை எறிந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னர் நீங்கள் கேட்கவேண்டும்.

பொதுவாக "பழைய சாமான் ஏதும் இருக்கா" என்று கேட்டால் "ஒண்டும் இல்லை" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

"மச்சாள், சுகமா இருக்கிறீங்களா? பிள்ளையள் சின்னனா இருக்கேக்க டிஸ்னிலாண்ட் போனனீங்கள் எல்லோ, அப்ப தந்த மப், டிக்கெட், பின் ஏதும் வீட்டில கிடந்தா எறிஞ்சு போடாதேங்கோ. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் மூண்டையும் படம் எடுத்து அனுப்புங்கோ."

பின்பக்கமும் அடிப்பக்கமும் முக்கியம். ஏன் என்று அடுத்த படியில் வரும். இன்னொன்று, சும்மா தா என்று கேட்காதீர்கள். காசு வாங்கமாட்டார்கள், ஆனால் வன்னித் தேனும் வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் வாங்குவார்கள். எங்கள் பக்கத்தில் இந்தப் பண்டமாற்று நன்றாகவே ஓடுகிறது.

படி 3: காலத்தைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் இந்த வேலையின் சுவையான பகுதி. ஆறுதலாகப் படியுங்கள்.

முதலில் பெயர். பாரிஸ் பூங்கா 1992 ஏப்ரல் 12இல் திறந்தபோது அதன் பெயர் யூரோ டிஸ்னி. 1994இல்தான் டிஸ்னிலாண்ட் பாரிஸ் ஆனது. ஆகவே யூரோ டிஸ்னி என்று அச்சிட்ட கோப்பை, பை, தொப்பி எல்லாம் முதல் இரண்டு மூன்று வருடத்துச் சாமான். பக்கத்தில் உள்ள இரண்டாவது பூங்கா 2002இல் வால்ட் டிஸ்னி ஸ்டூடியோஸ் என்ற பெயரில் திறந்தது. அதை டிஸ்னி அட்வென்ச்சர் வேர்ல்ட் என்று மாற்றப்போவதாக 2024இல் அறிவித்தார்கள். பழைய பெயருள்ள வரைபடங்கள் இப்போது மலிவாகக் கிடக்கின்றன. என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் எடுக்கவேண்டியது அதைத்தான்.

வொண்டர்லாண்டும் இப்படியே. 1981இல் திறந்தது. 1990களில் பாரமவுண்ட் நிறுவனத்தின் கைக்குப் போனதால் பெயருக்கு முன்னால் பாரமவுண்ட் என்று ஒட்டிக்கொண்டது. 2006இல் சீடர் ஃபேர் என்ற நிறுவனம் வாங்கிய பிறகு அதை எடுத்துவிட்டார்கள். பாரமவுண்ட் என்று பார்த்தவுடன் காலம் பிடிபட்டுவிடும். யோகி கரடி, ஸ்கூபி டூ போட்ட சாமான் பழையது, ஸ்னூப்பி போட்டது பிந்தியது.

அடுத்தது வரைபடத்தில் எது இல்லை என்று பார்ப்பது. பாரிஸ் பூங்காவில் இந்தியானா ஜோன்ஸ் ரயில்சவாரி 1993 யூலையில் வந்தது, ஸ்பேஸ் மவுண்டன் 1995 யூனில் வந்தது. வரைபடத்தில் ஸ்பேஸ் மவுண்டன் இல்லை என்றால் அது அதற்கு முந்தியது. இந்தியானா ஜோன்ஸும் இல்லை என்றால் இன்னும் முந்தியது, கையைவிட்டுவிடாதீர்கள். வொண்டர்லாண்டில் பெஹிமத் என்ற சவாரி 2008இலும் லெவையதன் என்ற சவாரி 2012இலும் வந்தன. அந்த இரண்டையும் வைத்தே அரைவாசி வரைபடங்களைப் பிரித்துவிடலாம்.

மூன்றாவது, அடியில் உள்ள எழுத்து. வால்ட் டிஸ்னி புரொடக்ஷன்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் 1986க்கு முந்தியது. அந்த வருடம்தான் நிறுவனம் தன் பெயரை மாற்றியது. மேற்கு ஜேர்மனியில் செய்தது என்று இருந்தால் 1990க்கு முந்தியது, யூரோப்பா பார்க் சேர்ப்பவர்களுக்கு இது நல்ல அடையாளம்.

ஆனால் காப்புரிமைக் குறிக்குப் பக்கத்தில் உள்ள ஆண்டை நம்பி ஏமாறாதீர்கள். அது படத்தின் உரிமை தொடங்கிய ஆண்டு. பொருளைப் பத்து வருடம் கழித்தும் செய்திருக்கலாம். அந்த ஆண்டுக்கு முன்னர் செய்யவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். விற்பவர்களில் பாதிப்பேர் இந்த ஆண்டைக் காட்டித்தான் விலையை ஏற்றுகிறார்கள்.

இன்னொரு குழப்பம்: மிக்கி இருப்பதெல்லாம் பூங்காச் சாமான் அல்ல. நகரத்து டிஸ்னி கடையில் விற்றது, மக்டொனால்ட்ஸ் உணவோடு கொடுத்த பொம்மை எல்லாம் வேறு. பூங்காவின் பெயர் பொருளில் எங்காவது இருக்கவேண்டும்.

படி 4: எதை வாங்குவது

வரைபடம், நுழைவுச்சீட்டு, தபாலட்டை, பின், காகிதப் பணம். இவை போதும். கோப்பை உடையும், தொப்பி இடம் பிடிக்கும், பொப்கோர்ன் வாளிக்கு அனுப்புகூலி கொடுத்துக் கட்டாது.

காகிதப் பணம் என்றது டிஸ்னி டொலரை. 1987இல் இருந்து 2016 வரை அமெரிக்கப் பூங்காக்களில் விற்றார்கள். தொடர் இலக்கம் எல்லாம் போட்டு, பார்க்க உண்மையான நோட்டு மாதிரியே இருக்கும். ஒரு கடித உறைக்குள் வந்துவிடும்.

கலிபோர்னியா டிஸ்னிலாண்டின் பழைய சவாரிச் சீட்டுகளும் நல்லவை. 1955இல் பூங்கா திறந்து சில மாதத்தில் சீட்டுப் புத்தகம் வந்தது. 1959இல் இருந்து அதில் ஏ முதல் ஈ வரை ஐந்து வகை. ஈ சீட்டு நல்ல சவாரிகளுக்கு, ஏ சீட்டு சின்ன விளையாட்டுகளுக்கு. பிள்ளைகள் ஈயை முதலிலேயே முடித்துவிட்டு ஏ, பியை மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் இன்றைக்கும் ஏ, பி சீட்டுகள் தாராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. 1982இல் அந்த முறை நின்றது.

பின் வாங்குவதென்றால் கவனம். 1999இல் டிஸ்னி பின் மாற்றும் பழக்கத்தைத் தொடக்கியதும் போலிகளும் பெருகின. நூறு பின் ஒரு கட்டாக மிக மலிவுக்கு வருகிறதென்றால் அநேகமாகப் போலிதான். பின்பக்கம் சின்னச் சின்ன மிக்கித் தலைகளாகக் கோலம் இருந்தால், நல்ல பின்னில் அது விளிம்புவரை ஓடும். போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு வழுவழுப்பான வரம்பு விட்டிருப்பதைப் பார்க்கலாம். முன்பக்கத்தில் நிறம் குழிவிழுந்து, கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். பழைய பின்களில் அந்தக் கோலமே இருக்காது, அதை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்காதீர்கள். பின்பிக்ஸ் தளத்தில் அதே பின்னின் படத்தைத் தேடி நிறத்தை ஒப்பிடுங்கள்.

படி 5: எங்கே தேடுவது, என்ன விலை கொடுப்பது

பழைய சாமான் விற்கும் இணையத்தளங்கள் இவை: பிரான்ஸில் லெபோன்குவா, விண்டெட். கனடாவில் கிஜிஜி. சுவிஸில் ரிக்கார்டோ. எங்கும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ். தேடிப் பிடிப்பது நீங்கள், வாங்கிக் கொடுப்பது அங்கே இருப்பவர். நீங்கள் இணைப்பை அனுப்பினால் அவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். அவரையே தேடவும் சொன்னால் இரண்டாம் கிழமையே உங்கள் அழைப்பை எடுக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சு ஊர்களில் தெருவோரம் போடும் பழைய சாமான் சந்தை, லண்டனில் தொண்டு நிறுவனக் கடைகள், கனடாவில் கோடைகாலத்தில் வீட்டு வாசலில் போடும் விற்பனை, இவற்றில் இன்னும் மலிவு. அந்தப் பக்கம் போகிறவர் இருந்தால் பூங்காவின் பெயரையும் நான்கு படங்களையும் அவருடைய போனில் போட்டுவிடுங்கள்.

விலைக்கு ஈபேயைப் பாருங்கள், ஆனால் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். தேடல் வடிகட்டியில் விற்றுமுடிந்தவை என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால்தான் உண்மை விலை தெரியும். விற்பவர் கேட்பதற்கும் போனதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். "மிக அரிது" என்று எழுதியிருந்தால் அதே பொருள் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். மடிப்பில் கிழிசல், டேப் ஒட்டிய தடம், ஆணி குத்திய ஓட்டை, வெயிலில் வெளிறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

முன்பின் தெரியாதவருக்கு முழுக் காசையும் முதலே அனுப்பாதீர்கள். இன்றைய திகதியை எழுதிய ஒரு துண்டைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். பொருள் கையில் இல்லாதவர் அதோடு காணாமல் போய்விடுவார்.

படி 6: ஊருக்குக் கொண்டுவருவது

ஆறுதலாக இருக்கலாம் என்றால், ஆடி ஆவணியில் வருகிறவரின் சூட்கேஸைவிட நல்ல வழி இல்லை. ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை, இங்கே மடுத் திருவிழா, நல்லூர்த் திருவிழா எல்லாம் அந்தக் காலத்தில்தான். வரைபடத்தை இரண்டு மட்டைக்கு நடுவே வைத்து, உடுப்புக்கு நடுவில் படுக்கவிடச் சொல்லுங்கள். சுருட்டவேண்டாம் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

தபாலில் என்றால் மட்டை வைத்த ஏ4 உறை, பதிவுத் தபால். பொதியாக வந்தால் சுங்கத் தீர்வையும் சேரலாம், அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கார்கோ பெட்டி கோப்பைக்குச் சரி. கப்பலில் கிழமைக்கணக்கில் வெக்கையில் கிடப்பதால் கடதாசியையும் ரப்பர்ப் பொம்மையையும் அதில் போடவேண்டாம்.

படி 7: வைத்துக்கொள்வது

லமினேட் பண்ணாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் எல்லாவற்றையும் கடையில் கொடுத்து லமினேட் பண்ணிப் பழகிவிட்டோம், ஓடித் திரிந்த காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. சேகரிப்புக் கடதாசியை அப்படிச் செய்தால் பிறகு பிரிக்க முடியாது, விலையும் போய்விடும்.

பொலிப்ரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். பிசுபிசுப்பான, மணக்கிற பிவிசி உறை வேண்டாம், அது கடதாசியில் ஒட்டும். மாரியில் ஈரமும் கறையானும் எதிரி, கோடையில் தகரக் கூரையின் வெக்கை எதிரி. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் மேசைமேல் வையுங்கள். மாரி முடிந்தவுடன் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதை ஒரு துண்டில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள், பொருளின் மேல் எழுதவேண்டாம். பின்கள் மங்கியிருந்தால் குத்துவிளக்குக்குப் போடும் பிராசோவை எடுக்காதீர்கள், நிறம் கழன்றுவிடும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.