காரைக்குடி பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விடப்போறீங்களா?

பெரிய செட்டிநாட்டு வீடு சல்லிசா வருதுன்னு யாராவது சொன்னதும் அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. பங்காளிக நெறைய பேரு இருப்பாங்க, ஒருத்தர் சென்னைல ஒருத்தர் சிங்கப்பூர்லன்னு, அத்தனை பேரும் கையெழுத்து போட்டாத்தான் முழு வீடும் உங்களுக்கு வரும். வில்லங்கச் சான்று (அந்த வீட்டு மேல பதிவான விற்பனை, அடமானமெல்லாம் காட்டுறது) 30 வருஷத்துக்கு எடுத்து, பட்டா யார் பேர்ல இருக்குன்னும் பாத்துருங்க. மொத தடவைக்கு அழகப்பா யுனிவர்சிட்டி, சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடே போதும்னு நான் சொல்வேன்.

கணக்குப் போடுறப்ப வருஷத்துக்கு 11 மாச வாடகைன்னே வைங்க, ஒரு மாசம் காலியா கெடக்கும், மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு வேற.

2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியவும் செய்யணும். தனியா பேசி எழுதிக்கலன்னா 3 மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது.

சாவி குடுக்குற அன்னைக்கே கரண்ட் மீட்டர், சுவரு, தரை எல்லாத்தையும் போட்டோ எடுத்து ரெண்டு பேரும் வச்சுக்கங்க. எங்க வீட்ல மொத குடித்தனக்காரங்க ஹால்ல ஆசிட் ஊத்திக் கழுவி, ஆத்தங்குடி டைல்ஸ் கல்லுல இருந்த செவப்புப் பூவெல்லாம் வெளுத்துப்போச்சு, பாவம் அவங்களுக்குத் தெரியல, சொல்லாதது என் தப்பு. இப்ப ஆசிட் ஊத்தக்கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதிடறேன்.

வாடகை லேட்டானா மொதல்ல நேர்ல போய்ப் பேசுங்க, அப்பறம் எழுத்துல நோட்டீஸ் குடுங்க. தண்ணி, கரண்ட்ட மட்டும் நிறுத்தவே கூடாது, சட்டப்படியும் தப்பு, அங்க கொழந்தைக இருக்கும்.