பொரிக்காத முட்டைக்குள் உயிரோடு குஞ்சு: எப்போது காத்திருப்பது, எப்போது உதவுவது, எப்போது முடித்துவைப்பது

21 நாள் தாண்டியும் இன்குபேட்டரில் நாலைந்து முட்டை அப்படியே கிடந்தால், பொறுமையில்லாதவர் ஓட்டை உரித்துவிடுவார். மற்றவர் ‘கூமுட்டை’ என்று குப்பையில் வீசிவிடுவார். உரித்தால் பிழைக்க வேண்டிய குஞ்சு ரத்தம் போய்ச் சாகும். வீசினால் உயிருள்ள குஞ்சு ஓட்டுக்குள் மணிக்கணக்கில் கிடந்து தவிக்கும். இங்கே சொல்வது நாட்டுக்கோழி முட்டைக்கு. முட்டை தேர்வு, திருப்புவது, 18-ஆம் நாள் நிறுத்துவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நாளைச் சரியாக எண்ணுங்கள்

முட்டை வைத்து 24 மணி நேரம் முடிந்தால்தான் ஒரு நாள். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். அரை டிகிரி குறைந்தாலே பொரிப்பு ஒரு நாள் வரை தள்ளிப்போகலாம். தெர்மாகோல் பெட்டியோடு வரும் கன்ட்ரோலர் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 23-ஆம் நாள் முடியும்வரை எந்த முட்டையையும் கழிக்க வேண்டாம். நாற்றம் வந்தாலோ, ஓட்டில் கசிவு தெரிந்தாலோ மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். அழுகிய முட்டை வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும்.

2. உயிர் இருக்கிறதா?

இருட்டில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் அடியுங்கள். காற்றறைக்குள் அலகின் நிழல் அசைந்தால் குஞ்சு உள்சவ்வைக் கிழித்துவிட்டது, நுரையீரலால் மூச்சு விடுகிறது என்று பொருள். காதருகே வைத்தால் ‘டிக் டிக்’ என்றோ, மெலிதாகக் கீச்சென்றோ கேட்கும். வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் முறை எனக்குப் பிடிக்காது. மயிரிழை விரிசல் இருந்தால் குஞ்சு உள்ளேயே மூழ்கிவிடும். அசையாததால் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

3. ஓட்டில் ஓட்டை விழுந்த நேரத்தைக் குறித்துவையுங்கள்

முதல் ஓட்டை விழுந்த பிறகு குஞ்சு சும்மா இருப்பது போலத் தெரியும். அந்த நேரத்தில்தான் சவ்விலுள்ள ரத்தத்தையும் மஞ்சள் கருவையும் அது உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. இதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதற்குள் மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் ஈரப்பதம் சட்டென்று இறங்கும், சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். கடைசி மூன்று நாளும் 65 முதல் 75 சதவீதம் ஈரம் வேண்டும். முட்டை மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். பெட்டிக்குள் அகலமான தட்டில் நனைத்த ஸ்பாஞ்ச் வைத்தால் போதும்.

4. உதவி செய்யும் இடம்

24 மணி நேரம் தாண்டியும் ஓட்டை பெரிதாகவில்லை, சவ்வு வெள்ளை நிறம் போய் மஞ்சள் கலந்த பழுப்பாகத் தோல்போல் ஆகிவிட்டது என்றால் கை வைக்கலாம். முனை மழுங்கிய இடுக்கி, காது குடையும் பஞ்சுக் குச்சி, வெதுவெதுப்பான நீர், தேங்காய் எண்ணெய், கொஞ்சம் சோள மாவு. இவ்வளவுதான் தேவை.

காற்றறைக்கு மேலுள்ள முட்டை ஓட்டின் பகுதியை மட்டும் சின்னச் சின்னச் சில்லுகளாக எடுங்கள். கீழே தெரியும் சவ்வில் முதலில் நீர், பிறகு எண்ணெய் தடவுங்கள். மூக்குத் துவாரத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது. எண்ணெய் பட்டதும் சவ்வு கண்ணாடிபோல் ஆகி ரத்தக் குழாய்கள் தெரியும்.

பெரும்பாலான குஞ்சுகள் செத்துப்போவது இங்கேதான். சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள், முட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அலகைச் சப்பிச் சப்பித் திறந்து மூடினாலும் அதே கதைதான், மஞ்சள் கரு இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை. சவ்வில் ரத்தம் கசிந்தால் சோள மாவை ஒற்றி, மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். குழாய்கள் வற்றிய பிறகு தலையை மட்டும் விடுவியுங்கள். தொப்புள் இருக்கும் கீழ்ப்பாதி ஓட்டைத் தொட வேண்டாம், குஞ்சே உதைத்து வெளியே வரட்டும்.

குறுகிய முனையில் ஓட்டை விழுந்தால் குஞ்சு தலைகீழாக இருக்கிறது. அங்கே காற்றறை இல்லாததால் மூச்சுக்கு வழி குறைவு. மூக்கு தெரியும் அளவுக்கு ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டு, மற்றதை மேலே சொன்னபடியே செய்யுங்கள்.

5. எதைக் காப்பாற்ற முடியாது?

குடல் வெளியே வந்திருந்தால், மஞ்சள் கருப் பை வெளியே கிடந்து உடைந்திருந்தால், மண்டை மூடாமல் இருந்தால், வெளியே வந்து ஒரு நாள் ஆகியும் தலையைத் தூக்காமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் முடித்துவைப்பதே இரக்கம். கால் விரிந்திருப்பது, விரல் மடங்கியிருப்பது எல்லாம் பிளாஸ்திரி போட்டுச் சரிசெய்யக்கூடியவை. ஈரமாக மயங்கிக் கிடக்கும் குஞ்சையும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள். உள்ளே போன மஞ்சள் கருவை வைத்தே அது இரண்டு மூன்று நாள் தாங்கும்.

6. முடித்துவைப்பது

தண்ணீரில் முக்குவது, பிளாஸ்டிக் பையில் கட்டுவது, உயிரோடு ஃபிரீசரில் வைப்பது மூன்றும் மெதுவான சாவு. சோடா மாவும் வினிகரும் கலந்து வாயு உண்டாக்கும் முறையும் வேண்டாம். ஓட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சுக்குக் கார்பன் டை ஆக்சைடு பழகியிருக்கும், அதனால் மிக அடர்த்தியான வாயு வேண்டும். வீட்டில் அதை நம்பகமாக எட்ட முடியாது.

கழுத்து எலும்பைப் பிரிப்பதோ தலையைத் துண்டிப்பதோதான் வேகமானது. பழகாத கைக்கு நான் சொல்வது கூர்மையான பெரிய கத்தரிக்கோல். குஞ்சைத் துணியில் சுற்றி, தலைக்கு நேர் பின்னால் கழுத்தில் ஒரே வெட்டு. தயங்கித் தயங்கி அழுத்தக்கூடாது. மொட்டைக் கத்தரி எடுப்பதைவிடச் செய்யாமலே இருக்கலாம். பிறகு சில நொடிகள் கால் துடிப்பது அனிச்சைச் செயல்தான். மனம் வரவில்லை என்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள், போகும்வரை குஞ்சைச் சூடாக வையுங்கள்.

ஓட்டைவிழாத முட்டைக்கும் நாளைப் பொறுத்துத்தான் முறை. 17-ஆம் நாளைத் தாண்டியதைப் பிறந்த குஞ்சாகவே நடத்த வேண்டும்: காற்றறைப் பக்கம் சின்னதாகத் திறந்து பார்த்து, உயிர் இருந்து வழியில்லை என்றால் மேலே சொன்ன முறைதான். அதற்கு முந்தைய முட்டையைக் கழிப்பதானால் 4 டிகிரியில் குறைந்தது நாலு மணி நேரம், அல்லது ஃபிரீசரில் இரவு முழுக்க வைத்துவிட்டுப் புதையுங்கள். நாய் தோண்டாத ஆழம், இரண்டடியாவது வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம்.

பின்சேர்க்கை: வாத்து, காடை

மேலே உள்ள மணிக்கணக்கை வாத்து முட்டைக்குப் போடாதீர்கள். நாட்டு வாத்துக்கு 28 நாள், மணிலா வாத்துக்கு 35 நாள். ஓட்டை விழுந்து 48 மணி நேரம்கூட ஆகலாம். காடைக்கு 17, 18 நாள்தான். குஞ்சு கட்டைவிரல் அளவே இருப்பதால், ஓட்டை உரித்து உதவப் போனால் பெரும்பாலும் சேதம்தான்.